மணலின் வரவு செலவு

கோடை பிறந்துவிட்டால், சென்னை வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அன்றாட வெப்பப் பட்டியலில் வேலூருக்குப் பக்கத்தில் திருத்தணியின் பெயரும் தவறாமல் இடம்பிடித்துவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த மலைக்கோயில் ஊருக்கு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. முருகன் கோயிலின் 365 படிகளில் வெறுங்காலுடன் ஏறுபவருக்கு 42 டிகிரிக்கும் 43 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்காலில் தெரியும். மலைக்கு அது தெரியாது. பாறையின் நோக்கில் இரண்டும் ஒன்றே. இதே ஒரு டிகிரி ஏற்றம் ஆர்க்டிக் கடலோரத்தில், மைனஸ் அரையிலிருந்து பிளஸ் அரைக்குப் போகும் இடத்தில் நிகழ்ந்தால், அங்கே தரையே வேறு பொருளாகிவிடுகிறது. நேற்றுவரை பாறைபோல் இறுகிக் கிடந்தது இன்று சேறாக வழிகிறது. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசும்போது எத்தனை டிகிரி என்ற கேள்வியை மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். எந்த எண்ணைக் கடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். 1979இல் செயற்கைக்கோள் அளவீடுகள் தொடங்கியதிலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகி வந்திருக்கிறது. மாற்றத்தை எளிதில் தாங்காத நிலத்தின்மேல்தான் மாற்றத்தின் பெரும் பங்கு விழுகிறது.

தீவுகள் அழிவதைப் பற்றிப் பொதுவாக நம் மனத்தில் இருக்கும் படம் எளிமையானது. கடல் மட்டம் உயரும், தாழ்வான நிலம் மூழ்கும், அவ்வளவுதான். இந்தப் படம் பொய்யல்ல. ஆனால் இதை மட்டும் நம்பினால் இதுவரை காணாமல்போன தீவுகளில் பெரும்பாலானவை ஏன் போயின என்பது விளங்காது. ஆழமற்ற கடல்களில் இருக்கும் தீவு என்பது மணல், வண்டல், சேறு ஆகியவற்றின் வரவு செலவுக் கணக்கு. ஆறும் அலையும் கொண்டுவருவது வரவு, அலையும் நீரோட்டமும் அள்ளிப்போவது செலவு. அள்ளிப்போகாமல் பிடித்துவைப்பது மூன்றாவது இனம்: வடக்கே பனிக்கட்டி, நம் பக்கம் பவளப்பாறை, அலையாத்தி வேர், மணற்குன்றில் படரும் அடப்பங்கொடி. வெப்பமாதல் தீவுகளை முதலில் தாக்குவது இந்த மூன்று இனங்களின் வழியாக; கடல் மட்டம் அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. இதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க ஆர்க்டிக் வரை போக வேண்டியதில்லை. திருத்தணி வழியாக ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. வடக்கே ஆந்திரத்தின் நகரி மலைகளிலிருந்து வரும் நகரியாறும் அதே ஆற்றை நாடி வந்து பூண்டி நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அந்த மலைகள் குவார்ட்சைட் என்ற கடினமான பாறையால் ஆனவை. அது உடைந்தால் கூழாங்கல்லாகும், கூழாங்கல் தேய்ந்தால் மணலாகும், மணல் மணலாகவே நெடுங்காலம் இருக்கும். பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த தொல்பழங்காலக் கற்கருவிகள் இந்தக் குவார்ட்சைட்டில் செய்தவை. அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு வயதுடையவை என்று சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2011இல் நிறுவினர். 15 லட்சம் ஆண்டு மழையும் வெள்ளமும் அந்தக் கருவிகளின் விளிம்பைக்கூட முழுதாக அழிக்கவில்லை. இப்படிப்பட்ட பாறையிலிருந்து பிறக்கும் மணல் ஆற்றோடு இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கொசஸ்தலை சுமார் 136 கிலோமீட்டர் நீளமே உடைய சிற்றாறு. சென்னைக் கடற்கரை மணலில் அதன் பங்கு சிறியது. பெரும் பங்கைத் தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிவருகின்றன. ஆற்று வரவும் கரையோர வரவும் சேர்ந்துதான் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி என்ற நீண்ட தடுப்புத் தீவும், அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் உருவாயின. இரண்டும் பாறையில் ஊன்றியவை அல்ல, மணல்.

இப்போது வடக்கே போவோம். சைபீரியாவுக்கு மேலே லாப்தேவ் கடல், கிழக்குச் சைபீரியக் கடல் என்று இரண்டு கடல்கள். இவற்றின் அடித்திட்டு அகலமானது, பெரும்பகுதி 50 மீட்டர் ஆழத்துக்கும் குறைவு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் உலகக் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இந்த அடித்திட்டு முழுதும் புல்வெளி, மாமத யானைகள் மேய்ந்த நிலம். ஐரோப்பாவையும் கனடாவையும் மூடியிருந்தது போன்ற கனத்த பனிப்பாளம் இங்கே இல்லை. ஆனால் குளிர் இருந்தது. தரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சுருங்கி வெடித்தது, வெடிப்பில் உருகுநீர் இறங்கி உறைந்தது, அடுத்த ஆண்டு அதே வெடிப்பு இன்னும் அகன்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்து, மண்ணுக்குள் பல மீட்டர் ஆழத்துக்கு ஆப்புகள் போலப் பனிக்கட்டி நின்றுவிட்டது. காற்றும் ஆறும் கொண்டுவந்த நுண்வண்டல் அவற்றுக்கு இடையே படிந்து உறைந்தது. கன அளவில் பாதிக்கும் மேல், சில இடங்களில் 80 சதவீதம் வரை பனிக்கட்டி. கடல் மட்டம் மறுபடி உயர்ந்தபோது அந்தச் சமவெளியில் மிச்சம் நின்ற மேடுகளே இன்றைய தீவுகள் பலவும். நகரி மலையின் மணலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே நிலத்தின் பெரும்பகுதி கல்லல்ல, உறைந்த நீர். உருகினால் கைக்கு மிஞ்சுவது கொஞ்சம் சேறு.

லாப்தேவ் கடலோரத் தீக்ஸி துறைமுகத்துக்கு அருகே உள்ள முஸ்தாக் தீவை ஆய்வாளர்கள் நீண்ட காலமாக அளந்து வந்திருக்கிறார்கள். பழைய வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டதில், 1951க்கும் 2013க்கும் இடையே தீவின் பரப்பு 24 சதவீதம் குறைந்திருந்தது. பருமன் குறைந்ததோ 40 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். கரை மட்டும் பின்வாங்கியிருந்தால் பரப்பும் பருமனும் ஏறக்குறைய சேர்ந்தே குறைந்திருக்கும். பருமன் கூடுதலாகக் குறைந்தது என்றால் தீவின் மேற்பரப்பே தாழ்ந்திருக்கிறது, உள்ளிருக்கும் பனி உருகித் தரை இறங்கியிருக்கிறது என்று பொருள். விளிம்பில் நடப்பதும் நாம் வழக்கமாக நினைக்கும் கடலரிப்பு அல்ல. கோடையில் அலை உறைந்த கரையின் அடியில் ஒரு குடைவை உருகவைத்துத் தோண்டுகிறது. மேலே தொங்கும் பாளம் பனி ஆப்பு ஓடும் கோட்டில் முறிந்து, ஒரு வீட்டளவு துண்டாகக் கடலில் சரிகிறது. விழுந்த துண்டு சில நாட்களிலோ வாரங்களிலோ கரைந்து போகிறது; மணற்கரையாக இருந்தால் விழுந்த மணலே அடுத்த அலைக்குத் தடுப்பாகக் குவிந்திருக்கும், இங்கே அந்தத் தடுப்பு கிடையாது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 20, 30 மீட்டர் உயரச் செங்குத்துக் கரைகள் ஆண்டுக்கு மீட்டர் கணக்கில் பின்வாங்குவதை இந்த 20 சென்டிமீட்டரால் விளக்க முடியாது. அவை மூழ்கவில்லை, உருகுகின்றன.

உருகுவதற்குத் துணை நிற்பது கடற்பனியின் விலகல். லாப்தேவ் கடலோரம் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். உறைந்த கடலில் அலை இல்லை, அலை இல்லாதபோது செலவும் இல்லை. கோடையில் பனி விலகியிருக்கும் சில வாரங்களில்தான் அந்த ஆண்டின் செலவு முழுவதும் எழுதப்படுகிறது. வெப்பம் கூடக்கூடப் பனி முன்னதாக விலகி, தாமதமாகத் திரும்புகிறது. புயல்கள் அடிக்கும் இலையுதிர் காலத்துக்குள் திறந்த கடல் நீள்கிறது. இதோடு அலையின் அளவும் மாறுகிறது. காற்று எவ்வளவு தூரம் திறந்த நீரின்மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். பனி விளிம்பு சில கிலோமீட்டரில் இருந்தபோது சிற்றலைதான் எழ முடிந்தது. கடற்பனி செயற்கைக்கோள் காலத்தின் மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கிய 2012 செப்டம்பரில், அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் 5 மீட்டர் அலைகள் பதிவாயின. வங்காள விரிகுடா மீனவர்களுக்கு அது புயல்கால அலை. அந்தக் கரைகள் உருவான காலத்தில் அப்படியொரு அலை அவற்றின் அனுபவத்திலேயே இருந்திருக்காது.

கரையிலிருந்து போனது எங்கே போகிறது? இங்கேதான் ஆர்க்டிக் கணக்கு நம் ஊர்க் கணக்கிலிருந்து வெகுவாக விலகுகிறது. கடலுக்கு வண்டலைக் கொடுப்பது ஆறு என்றுதான் நமக்குப் பழக்கம். லேனா போன்ற பேராறு வந்து சேரும் லாப்தேவ் கடலில், இடிந்து விழும் கரைகள் தரும் வண்டல் எல்லா ஆறுகளும் சேர்ந்து தருவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2000இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. கனடாவின் மெக்கன்ஸி ஆறு கலக்கும் பக்கத்தில் நிலைமை தலைகீழ், அங்கே ஆறே முதல்வர். ஆகவே ஆர்க்டிக் என்று ஒரே மூச்சில் பேசுவது ஆபத்து. அடுத்தது போக்குவரத்து. இலையுதிர் காலத்துப் புயலில் ஆழமற்ற நீர் கலங்கும்போது உருவாகும் நுண்பனித் துகள்கள் சேற்றையும் மணலையும் பிடித்துக்கொண்டு மேலெழுந்து உறைகின்றன. அந்த அழுக்குப் பனி நீரோட்டத்தில் ஏறித் துருவத்தைக் கடந்து கிரீன்லாந்துக்குக் கிழக்கே வந்து உருகும்வரை சைபீரிய மண்ணைச் சுமந்துவரும். 1893இல் நார்வேயின் துருவப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலைப் புதுச் சைபீரியத் தீவுகளுக்கு அருகே வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, 1896இல் மறுபக்கம் வெளியேவந்தது இந்த ஓட்டத்தின் மேல் வைத்த நம்பிக்கையில்தான். இப்போது அந்த வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. ரஷ்யாவின் ஆழமற்ற கடல்களில் பிறக்கும் பனியில் சுமார் பாதி முன்பு மத்திய ஆர்க்டிக்கை எட்டியது. இன்று எட்டுவது ஐந்தில் ஒரு பங்குதான் என்று 2019இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மிச்சம் கிளம்பிய இடத்தருகே உருகிச் சுமையை அங்கேயே கொட்டுகிறது. கரைகள் இழக்கும் வேகம் கூடியிருக்கிறது, தூரத்துக்குக் கொண்டுசெல்லும் வசதி குறைந்திருக்கிறது. அடித்திட்டில் சேறு கலங்குவதும் படிவதும் இடம் மாறுவது இதனால்தான். அந்தச் சேற்றோடு பனியுகத்துத் தாவரங்களின் கார்பனும் இறங்குகிறது. கிழக்குச் சைபீரியக் கடலோரத்தில் இப்படி வெளிப்படும் பழைய கார்பனில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்ஸைடாகக் காற்றில் கலந்துவிடுகிறது என்பது 2012இல் வந்த மதிப்பீடு.

இந்த இடத்தில் எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தத் தீவுகள் வெப்பமாதல் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து கரைந்துகொண்டுதான் இருக்கின்றன. 1823இல் ரஷ்யக் கடற்படையைச் சேர்ந்த அஞ்சு என்பவரின் பயணக்குழு அளந்தபோது லாப்தேவ் கடலின் செம்யோனோவ்ஸ்கி தீவு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம். 1936இல் 2 கிலோமீட்டர். 1950களில் அந்த இடத்தில் கடல் மட்டுமே இருந்தது. பக்கத்திலிருந்த வசீலியெவ்ஸ்கி தீவு 1936லேயே இல்லை. அப்போது காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு இன்றைய அளவுக்கு ஏறவில்லை. பின் இதை எப்படி வெப்பமாதலின் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. பனியால் ஆன நிலம் கடலைத் தொட்ட நாளிலிருந்தே நட்டத்தில் ஓடும் கணக்கு அது. பனியுகம் முடிந்ததிலிருந்து இப்படி எத்தனை தீவுகள் போயின என்பதற்குப் பட்டியல் கிடையாது. ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது என்ன? இவ்வகைத் தீவுகளை முழுதாக அழிப்பதற்குக் கடல் மட்டம் பெரிதாக உயர வேண்டிய அவசியமே இல்லை என்பதைத்தான். பழைய வெப்பநிலையிலேயே, பழைய குறுகிய கோடையிலேயே 15 கிலோமீட்டர் தீவு ஒன்றேகால் நூற்றாண்டில் தீர்ந்துபோனது என்றால், கோடையை நீட்டி, அலையை உயர்த்தி, தரையையும் இளக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பழைய கதையே சாட்சி. உறைநிலக் கரைகள் உலகக் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவற்றின் சராசரி அரிப்பு ஆண்டுக்கு அரை மீட்டர் என்று 2012இல் தொகுத்த கணக்கு சொல்கிறது. சராசரி இங்கே அவ்வளவு பயன்படாது; பாறைக் கரை அசையாமல் நிற்க, அலாஸ்காவின் டிரூ முனை போன்ற பனிச்செறிவுள்ள கரைகள் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் இழக்கின்றன.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். தீவுகள் போவது மட்டுமா, புதிதாக வருகின்றனவே! 2013இல் ரஷ்ய ஹெலிகாப்டர் விமானிகள் லாப்தேவ் கடலில் வரைபடத்தில் இல்லாத ஒரு மணல் தீவைப் பார்த்தனர். யாயா என்று பெயரிடப்பட்டது. 2019இல் நோவயா செம்லியாவின் பனியாறு பின்வாங்கிய இடத்தில் ஐந்து புதிய தீவுகள் இருப்பதை ரஷ்யக் கடற்படை உறுதிசெய்தது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கிவரும் ஸ்வால்பார்டின் நி-ஒலஸுண்டுக்கு எதிர்க்கரையில், கோங்ஸ்ஃபியோர்டுக்குள் இருக்கும் புளூம்ஸ்ட்ராண்ட் தீவும் 1990கள் வரை தீபகற்பமாகவே கருதப்பட்டது. நிலத்தோடு அதை இணைத்திருந்தது பனியாறு என்பது பனி விலகிய பிறகே தெரிந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014இல் அந்த ஃபியோர்டுக்குள் இறக்கிய இண்டார்க் என்ற கருவித்தொடர், அங்கே புகும் வெப்ப நீரை அளந்து வருகிறது. ஆக, வெப்பமாதல் தீவுகளை உண்டாக்கவும் செய்கிறது என்று எழுதலாம்தான். ஆனால் வந்தவையும் போனவையும் ஒரே நாணயம் அல்ல. நோவயா செம்லியாவில் வெளிப்பட்டது பனிக்கு அடியில் முன்பே இருந்த நிலம். யாரும் எதையும் சேர்க்கவில்லை, மூடி எடுக்கப்பட்டது. யாயா போன்றது அலை ஒதுக்கிய மணல் திட்டு, அடுத்த பெரிய புயல்வரை அதற்கு ஆயுள். வங்காள விரிகுடாவின் வடக்கு முனையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1970 போலா புயலுக்குப் பிறகு சுந்தரவனத்தின் வாயிலில் ஒரு மணல் திட்டு எழுந்தது. நியூ மூர் என்று இந்தியாவும் தெற்கு தல்பட்டி என்று வங்கதேசமும் பெயரிட்டு, அதற்காகப் பல ஆண்டுகள் வழக்காடின. 2010இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது திட்டே இல்லை. இரு நாடுகளும் கேட்ட நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டதில் ஒரு நீதி இருந்ததாகவே தோன்றுகிறது.

மூன்றாவது மறுப்பைத்தான் மிகக் கவனமாகக் கையாள வேண்டும், ஏனெனில் அது என் வாதத்தையே எடுத்து வேறு முடிவுக்குக் கொண்டுபோகும். பசிபிக்கில் துவாலுவின் 101 தீவுகளை ஆராய்ந்த நியூசிலாந்து ஆய்வாளர்கள், 1971க்கும் 2014க்கும் இடையே அந்நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதை 2018இல் அறிவித்தனர். அதே காலத்தில் அங்கே கடல் மட்டம் உலகச் சராசரியைவிட வேகமாக உயர்ந்திருந்தது. பார்த்தீர்களா, கடல் உயர்ந்தும் தீவு வளர்கிறது, பிறகென்ன கவலை என்று இதை வைத்துச் சிலர் முடிக்கிறார்கள். அந்த ஆய்வு சொல்வது இதுதான்: வரவு இருந்தால் தீவு கடலோடு சேர்ந்து உயரும். துவாலுவின் வரவு உயிருள்ள பவளத்திட்டு. உடைந்த பவளத் துண்டுகளையும் சிப்பி மணலையும் புயலலை கரைமேல் ஏற்றிவிடுகிறது. அந்தப் பவளம் செத்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நீருக்குள் போயின. தூத்துக்குடி அருகே வான் தீவு சுருங்கிச் சுருங்கி இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்தது. காரணம் கடல் மட்டமல்ல, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது. பிடிமானத்தை மனிதன் கையாலேயே பெயர்த்தான். வெட்டுவது நின்ற பிறகு, அரசு ஆதரவோடு வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுக் கட்டைகளை இறக்கினார்கள், அரிப்பு தணிந்தது. அதற்குள் 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்ப அலைகள் அதே பவளங்களை வெளுக்கவைத்தன. கோடரி செய்த வேலையைச் சூடு தொடர்கிறது. துவாலுவின் வளர்ச்சியைக் காட்டி நிம்மதி அடைகிறவர்கள், அந்த வளர்ச்சிக்கு மணல் கொடுக்கும் உயிரினம் எத்தனை டிகிரி தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் நம் வடசென்னைக் கரையில் நடப்பதில் வெப்பமாதலுக்கு என்ன பங்கு? நேர்மையாகச் சொன்னால், இதுவரை சிறிய பங்குதான். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே நின்றது. மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்து, தெருக்கள் கடலுக்குள் போயின, கல் கொட்டுவதும் தூண்டில் வளைவு கட்டுவதும் ஆண்டுதோறும் நடக்கும் வேலையாயின. பிறகு எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. தேய்மானம் அவற்றுக்கு வடக்கே நகர்ந்தது. ஆற்று வரவையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணாபுரம் அணை, இப்பால் 1944இல் திறந்த பூண்டி, அதற்குக் கீழே தாமரைப்பாக்கமும் வல்லூரும் என்று அணைக்கட்டுகள். இடையிடையே சென்னையின் கட்டடங்களுக்காகப் படுகையிலிருந்து அள்ளப்பட்ட மணல். பெருமழைக் காலத்தில் கிருஷ்ணாபுரம் திறந்துவிடப்பட்டால் பள்ளிப்பட்டிலும் திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களிலும் தரைப்பாலங்கள் மூழ்கும். வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமப்பதால் இத்தகைய திடீர்ப் பெருமழைகள் கூடும் என்பது எதிர்பார்க்கப்படுவதே. வெள்ளம் கூடினால் மணல் வரவும் கூடாதா என்று கேட்கலாம். கூடும், அணைவரை. பருமணல் தேங்கிய நீரில் முதலில் படிந்துவிடும். மதகைத் தாண்டிக் கடலைச் சேர்வது பெரும்பாலும் கலங்கல் சேறு. அலை அதைக் கரையில் நிறுத்தாது.

ஆகவே இங்கே வெப்பமாதலின் வேலை, ஏற்கனவே கடனில் இருக்கும் கரையின் வட்டியைக் கூட்டுவது. மணல் வரவு போதுமாக இருந்த காலத்துக் காட்டுப்பள்ளி, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும் கடலோடு தானும் உயர்ந்து, கொஞ்சம் மேற்கே நகர்ந்து பிழைத்திருக்கும். தடுப்புத் தீவுகள் எப்போதும் அப்படித்தான் பிழைத்தன. வரவை நிறுத்திவிட்டு, மேற்கே நகரவும் இடமில்லாமல் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களுக்கும் நடுவே நிறுத்திவிட்டால் அதே மில்லிமீட்டர்கள் மலையாகும். பழவேற்காட்டு முகத்துவாரம் இதன் இன்னொரு முகம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரிக்குள் வந்து தள்ளும் வெள்ளம் இல்லாமல், அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே நீர் உப்பேறி மீனும் இறாலும் குறையும், மீனவர்கள் தாங்களே மணலை வெட்டித் திறக்கப் போராடுவார்கள். ஒரே கரையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் ஓரிடத்தில் மணல் இல்லை, ஓரிடத்தில் மணல் அதிகம். இரண்டுக்கும் கல்சுவர்தான் தீர்வாக எழுதப்படுகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990க்கும் 2016க்கும் இடைப்பட்ட படங்களை ஒப்பிட்டு, நாட்டின் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாகக் கண்டது. சுவரால் தீருமென்றால் இவ்வளவு சுவர்களுக்குப் பிறகு அந்தப் பங்கு இதைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

மணல் கரைக்குக் கிடைத்திருக்கும் ஒரு வாய்ப்பு பனிக் கரைக்குக் கிடையாது. வரவை மறுபடி எழுத முடியும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் மணல் பொறியில் சேருவதைத் தூர்வாரும் கப்பல் அள்ளி வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் சேர்ப்பது பல பத்தாண்டு வழக்கம். புதுச்சேரியில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பை இறக்கி, மணல் கொட்டி, நகரத்தின் முன்னால் காணாமல்போயிருந்த கடற்கரையின் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தது. செலவு உண்டு, ஆண்டுதோறும் உண்டு. ஆனால் வழி தெரிந்தது. அலாஸ்காவை ஒட்டிய சுக்சி கடலில் ஒரு தடுப்புத் தீவின்மேல் இருக்கும் ஷிஷ்மரெஃப் என்ற இனூபியாக் கிராமத்துக்கு அப்படிப்பட்ட வழி போதவில்லை. சுமார் 600 பேர் வாழும் ஊர். இலையுதிர் காலத்தில் கரையைக் காத்துவந்த கடற்பனி தாமதமாகிறது, தீவை இறுக்கிவைத்த உறைநிலம் இளகுகிறது. கற்சுவர்கள் கட்டிப் பார்த்தார்கள். 2016 ஆகஸ்டில் ஊர் மக்கள் வாக்களித்து, பெருநிலத்துக்குக் குடிபெயர்வது என்று சிறு வித்தியாசத்தில் முடிவெடுத்தனர். குடிபெயரத் தேவையான பெருந்தொகை கிடைக்காததால், அந்த வாக்கெடுப்புக்குப் பின்னும் அவர்கள் அதே தீவில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.